இரைப்பை மாத்திரையும் முதுமையின் கண்ணும்

நெஞ்செரிச்சலுக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் தரப்படும் ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகள், இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கச் செய்யும் ‘புரோட்டான் பம்ப்’ என்னும் புரதத்தை முடக்கி வேலை செய்கின்றன. இந்தப் புரதத்தின் நெருங்கிய உறவான சோடியம்-பொட்டாசியம் பம்பை நண்டுக்கால் நரம்புகளில் ஆராய்ந்து 1957-இல் வெளிப்படுத்தியவர், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் 1997-இல் நோபல் பரிசு பெற்றவருமான யென்ஸ் ஸ்கோ. அதே டென்மார்க்கில், 2002-க்கும் 2014-க்கும் இடையில் இம்மாத்திரைகளை உட்கொள்ளும் வயதுவந்தோரின் விகிதம் ஏறத்தாழ நான்கு மடங்கானது.

விழித்திரையின் நடுவே, எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் சிறு பகுதி மாக்குலா எனப்படும். முதுமையில் அது சிதைவதே மாக்குலாச் சிதைவு நோய்; இம்மாத்திரைகள் அதைத் தூண்டுமோ என்பது ஓர் ஐயம். ஒளியுணரும் செல்கள் நாள்தோறும் உதிர்க்கும் நுனிகளை, அவற்றின் அடியிலுள்ள நிறமிச் செல்கள் விழுங்கி, லைசோசோம் என்னும் அமிலம் நிறைந்த நுண்பைகளில் செரிக்கின்றன. கண்ணுக்குள்ளும் ஒரு சிறு இரைப்பை உண்டு என்று சொன்னால் மிகையாகாது. அங்கே அமிலம் குறைந்தால் கழிவு தேங்கும் என்பதே அந்த ஐயத்தின் வேர். ஆயினும் லைசோசோமை அமிலமாக்குவது வேறொரு பம்ப்; வழக்கமான அளவில் உட்கொள்ளும் மருந்தோ இரத்தத்தில் ஓரிரு மணி நேரத்திலேயே பெரிதும் குறைந்துவிடும் என்பதால் ஐயம் வலுவிழக்கிறது. நீண்டகாலப் பயன்பாட்டால் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குறைவதும், அந்தச் சத்துக் குறைபாடு முற்றினால் பார்வை நரம்பு பாதிக்கப்படக்கூடும் என்பதும் இதைவிட உறுதியான கவலைகள்.

1968 முதல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், 1977 முதல் மருத்துவமனைப் பதிவேடு, 1990-களின் நடுப்பகுதி முதல் மருந்துச்சீட்டுப் பதிவேடு என வைத்திருக்கும் டென்மார்க், இத்தகைய ஐயங்களைச் சோதிக்க உகந்த நாடு. எனினும் சீட்டின்றி வாங்கும் சிறு பொட்டலங்கள் அப்பதிவேட்டில் ஒருவர் பெயரில் ஏறுவதில்லை. மேலும் மாத்திரை உண்போர் பெரும்பாலும் முதியோர், வேறு நோயுடையோர், மருத்துவரை அடிக்கடி காண்போர் ஆதலால், அவர்களிடம் கண்நோய் மிகுதியாகத் தென்படுவதற்கு மாத்திரையே காரணமென்று கூறிவிட முடியாது. இன்றைய சான்றுகள் காரணத் தொடர்பை நிறுவவில்லை.

அச்சத்தால் மாத்திரையைச் சட்டென நிறுத்துவதும் நன்றன்று. 2009-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், எட்டு வாரம் இம்மருந்தை உண்டு நிறுத்திய நலமுள்ளோரில் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் தோன்றின. வெற்று மாத்திரை உண்டவர்களில் அது 15 விழுக்காடே. ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோர் அதன் தேவையை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து, தேவையில்லையெனில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாக்குலாவுக்கு ஐயமறத் தீங்கு செய்யும் புகைப்பழக்கத்தை உடனே விட வேண்டும். நேர்கோடு வளைந்து தெரிந்தால் காத்திராமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்: மாக்குலாச் சிதைவுக்காகக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி பரவிய காலத்தை உள்ளடக்கிய 2000–2010 ஆண்டுகளில், டென்மார்க்கில் இந்நோயால் புதிதாகப் பார்வையிழப்போர் விகிதம் பாதியாகக் குறைந்தது.