ஹைடியின் ஜன்னல்

சென்ற கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பேத்தி எந்நேரமும் ஜப்பானியக் கார்ட்டூனே கதியாக இருக்கிறாள் என்று அவள் பாட்டி என்னிடம் புகார் செய்தாள். கண்டிக்கும் எண்ணத்தோடுதான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து, "அடுத்ததையும் போடு" என்று கேட்டது நான்தான்! அந்தத் தொடர், 'ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி'.

இந்தப் பாணி நமக்கு முற்றிலும் புதிதன்று. 1993-இல் தூர்தர்ஷனில் ஞாயிறு காலைகளில் இந்தியில் வந்த 'ஜங்கிள் புக்' தொடரையும் அதன் நாயகன் மோக்லியையும் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் ஜப்பானியத் தயாரிப்புதான். அதை எடுத்த நிப்பான் அனிமேஷன் நிறுவனம், ஹைடியை எடுத்த ஜுய்யோ நிறுவனத்திலிருந்து 1975-இல் கிளைத்தது.

ஹைடியின் கதையை எழுதியவர் சுவிட்சர்லாந்து நாட்டு எழுத்தாளர் யோஹன்னா ஸ்பைரி. ஜெர்மன் மொழியில் 1880, 1881 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. தாய் தந்தையை இழந்த ஹைடியை அவள் சித்தி மலைமேல் தனித்து வாழும் தாத்தாவிடம் கொண்டு விடுகிறாள். முரட்டுத் தாத்தாவும் குழந்தையும் ஒட்டிக்கொண்ட நேரத்தில் அதே சித்தி திரும்பி வந்து, நடக்க இயலாத கிளாரா என்ற பணக்காரப் பெண்ணுக்குத் துணையாக இருக்க அவளைப் பிராங்க்ஃபர்ட் நகரத்துக்கு அழைத்துப் போகிறாள். இதை இயக்குநர் இசாவோ தகஹாதா 1974-இல் 52 வாரத் தொடராக்கினார்.

நேரில் பார்த்து வரைந்த மலை

வேலை தொடங்குமுன் 1973-இல் குழுவினர் சுவிட்சர்லாந்துக்கே சென்று மலைகளையும் குடிசைகளையும் பார்த்து வந்தார்கள். அந்நாளில் ஒரு கார்ட்டூனுக்காக இவ்வளவு தூரம் போவது அபூர்வம். பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்தவர் யோய்ச்சி கொதாபே. முதலில் ஹைடிக்குப் பின்னல் போட்டுத்தான் வரைந்திருந்தாராம். தனியாக வாழும் கிழவர் தினமும் குழந்தைக்குத் தலை பின்னிவிடுவாரா என்ற கேள்வி எழுந்ததும், பின்னல் போய்க் குட்டை முடி வந்தது. சிறு விஷயந்தான், ஆனால் தொடர் முழுவதும் இப்படி யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது.

பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி இதில் செய்த வேலை 'லேஅவுட்'. ஒவ்வொரு காட்சியிலும் மலை எங்கே, குழந்தை எங்கே, எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பதை முதலில் ஒரே தாளில் வரைந்து நிர்ணயிப்பது. பின்னணி தீட்டுகிறவரும் ஆட்களை அசைக்கிறவரும் அந்தத் தாளைப் பார்த்தே வேலை செய்வார்கள். 52 வாரமும் ஒரே கை இதைச் செய்ததால், குடிசையின் கதவும் அதன் பின்னால் நிற்கும் மூன்று தேவதாரு மரங்களும் வாராவாரம் இடம் மாறாமல் இருக்கின்றன. பத்து வாரம் பார்த்தால் அந்தக் குடிசை நமக்கே பழகிய வீடாகிவிடுகிறது. பின்னால் ஹைடி ஏங்கும்போது நாமும் ஏங்குவதற்கு இதுவே காரணம்.

பொருள்கள் பேசுகின்றன

முதல் வாரத்திலேயே ஒரு காட்சி. சுமை குறையட்டும் என்று சித்தி உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட, ஹைடி வேர்த்து விறுவிறுத்து மலையேறுகிறாள். ஆட்டுக்காரப் பையன் பீட்டரைக் கண்டதும் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளாடையோடு ஆடுகளின் பின்னே ஓடுகிறாள். அவள் விடுதலையைச் சொல்ல வசனமே வேண்டியிருக்கவில்லை.

மலையில் வானம் பாதித் திரையை அடைத்துக்கொள்கிறது. பச்சையும் நீலமும் கண்ணை நிறைக்கின்றன. பிராங்க்ஃபர்ட்டில் உயரமான சுவர்கள், கனத்த திரைச்சீலைகள், கரும்பழுப்பு மரச்சாமான்கள். அந்த அறைகளில் ஹைடி இன்னும் சின்னவளாகத் தெரிகிறாள். முதல் நாள் எழுந்ததும் அவள் செய்வது ஜன்னலைத் திறக்கப் பாடுபடுவதுதான். திறந்தால் மலை தெரியும் என்பது அவள் நம்பிக்கை. தெரிவதோ கல் பாவிய தெருவும் எதிர்ச்சுவரும். மாதா கோயில் கோபுரத்தில் ஏறியும் பார்க்கிறாள். அங்கிருந்தும் கூரைகளே தெரிகின்றன.

சாப்பாட்டு மேஜையில் கிடைக்கும் வெள்ளை ரொட்டிகளை அவள் அலமாரியில் ஒளித்துச் சேர்க்கிறாள். மலையில் பீட்டரின் கண் தெரியாத பாட்டிக்குக் கறுப்பு ரொட்டியைக் கடிக்க முடியாது; அவளுக்காக. வீட்டு நிர்வாகி அம்மாள் அதைக் குப்பை என்று நினைக்கிறாள். ஹைடிக்கோ ஊரோடு இருக்கும் கடைசி இழை அது.

இந்த ஏக்கத்தை அவள் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்களே! வீட்டில் விடியற்காலைதோறும் வாசற்கதவு திறந்து கிடக்கிறது. பேய் என்று வேலைக்காரர்கள் நடுங்குகிறார்கள். காத்திருந்து பார்த்தால், தூக்கத்தில் நடந்து வந்து கதவைத் திறப்பவள் ஹைடி. மருத்துவருக்கு நோய் புரிந்துவிடுகிறது: ஊர் ஏக்கம். மருந்தும் ஒன்றுதான்: ஊருக்கு அனுப்புவது.

நாவலில் இருந்ததைத் தகஹாதா அப்படியே எடுத்துவிடவும் இல்லை. அதிலுள்ள சமய போதனையைக் குறைத்தார். நாவலில் பீட்டர் பொறாமையால் கிளாராவின் சக்கர நாற்காலியை மலையிலிருந்து உருட்டி விடுகிறான். தொடரில் அந்தப் பழி அவன்மேல் விழுவதில்லை. யோசேப் என்ற பெரிய நாயைப் புதிதாகச் சேர்த்தார். பால் காய்ச்சுவது, பாலாடைக்கட்டி செய்வது, வைக்கோல் படுக்கை போடுவது என்று 'ஒன்றுமே நடக்காத' காட்சிகளுக்கு நிறைய நேரம் கொடுத்தார். நாம் ஊரை விட்டு வந்தபின் நினைத்துக்கொள்வதும் இத்தகைய ஒன்றுமில்லாத விஷயங்களைத்தானே!

என் வீட்டு ஜன்னல்

அப்பா காலமான பிறகு அம்மாவைக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து தில்லிக்கு அழைத்து வந்தேன். மூன்றாம் மாடி வீடு. நல்ல காற்று, வேளாவேளைக்கு மாத்திரை, குறை ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். தினம் காலையில் பால்கனியில் நின்று மேற்கே பார்ப்பாள். ஒரு நாள், "மலையே கண்ல படலியேடா" என்றாள். "தில்லியில ஏதும்மா மலை?" என்று சிரித்துவிட்டு ஆபீஸ் கிளம்பிப் போனேன். ஊரில் எங்கள் வீட்டு மாடியில் ஏறினால் பொதிகை மலை எதிரே தெரியும். அது எனக்கு அன்று நினைவுக்கே வரவில்லை. அவளும் பிறகு கேட்கவில்லை.

ஹைடி ஜன்னலைத் திறந்த காட்சியில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பேத்தி பார்த்துவிட்டாள். அவளிடம் கொள்ளுப்பாட்டியைப் பற்றி அன்றுதான் முதன்முறையாக விரிவாகச் சொன்னேன்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கும்போது ஒரு நாளாவது பக்கத்தில் உட்காருங்கள். ஊரிலிருந்து வந்து உங்களோடு இருக்கும் பெரியவர்களையும் கூட உட்காரச் சொல்லுங்கள். முடிந்ததும், அவர்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று கேளுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும்.