முன்ஷியும் யந்திரமும்

அலங்காரத்துக்குச் சற்றும் இடமில்லாத எழுத்து ஒன்று உண்டென்றால், அது அணை நீர் அறிக்கைதான். முழுக் கொள்ளளவுக்கு 143 அடி உயரமுள்ள பாபநாசம் அணையில் இன்று நீர்மட்டம் எவ்வளவு, வினாடிக்கு எத்தனை கன அடி வெளியேறுகிறது என்னும் இரண்டு வரிகளை நம்பித்தான், தாமிரபரணிக் கரையிலுள்ளோர் மாட்டை மேட்டுக்கு ஓட்டுவதா, படித்துறையில் இறங்குவதா என்று தீர்மானிக்கிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறும் குளங்களும் கரை உடைத்தபோது, அவ்விரு வரிகளின் கனம் எல்லோருக்கும் புலனாயிற்று.

இத்தகைய சாஸ்திர எழுத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கலாமா? கணக்கிலும் கருவியிலும் கைதேர்ந்து, வாக்கியம் அமைப்பதில் மட்டும் திணறும் பொறியாளர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்பது ஒரு சாராரின் அபிப்பிராயம். எழுதத் தெரியாதவனுக்கு விஷயமும் முழுமையாகத் தெரியாது என்பது மறுசாராரின் வாதம்.

யந்திரமோ, ஏற்கெனவே எழுதப்பட்டவற்றை ஏராளமாகப் பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் வரத்தக்க சொல் எதுவென்று கணித்தே வாக்கியம் சமைக்கிறது. இதில் நேரக்கூடிய பிழைக்கு ஓர் உதாரணம்: அணையில் தேங்கிய நீருக்குக் கன அடி. ஓடும் நீருக்கு வினாடிக்கு இத்தனை கன அடி. 'வினாடிக்கு' என்ற ஒரு சொல் நழுவினால் பாய்ச்சல் இருப்பாக மாறிவிடும். ஆனால் இலக்கணம் அணுவளவும் கெடாது. கொச்சையான வாக்கியத்தில் உள்ள பிழை கண்ணை உறுத்தும். செப்பமான வாக்கியத்தில் உள்ள பிழை ஒருவரையும் உறுத்தாமல் அச்சேறிவிடும்.

எழுத்துக்குத் துணை நாடுவது நமக்குப் புதிதன்று. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1832-ல் 'பூமி சாஸ்திரம்' வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியார் ரேனியஸின் காலத்தில், முன்ஷிகள் எனப்பட்ட தமிழாசிரியர்களின் துணையோடு நூல் எழுதுவது பாதிரிமாரின் வழக்கம். ஆனால் முன்ஷி, விஷயம் விளங்காத இடத்தில், "இது புரியவில்லை, ஐயா" என்று எழுதுகோலைக் கீழே வைக்கக்கூடியவர். அங்கே பாதிரியார் தம் கருத்தையே மறுபடி தெளிவாக்க வேண்டியிருந்தது. யந்திரம் பெரும்பாலும் அப்படித் தயங்குவதில்லை. நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் 1891-ல் பிறந்து, தொழிலால் வழக்கறிஞராயிருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழில் விஞ்ஞானம் எழுதிய பெ. நா. அப்புசுவாமி போன்றோருக்கு, தக்க தமிழ்ச் சொல்லைத் தேடிய சிரமமே விஷயம் விளங்கியதா என்பதற்கு உரைகல்லாக இருந்திருக்கும். அந்தச் சிரமத்தை யந்திரம் ஏற்றுக்கொள்ளும்போது உரைகல்லும் கூடவே போய்விடுகிறது.

யந்திரத்துக்குப் பொறுப்பேற்க இயலாது என்பதால் அதை ஆசிரியராகக் குறிப்பிடலாகாது என்றும், பயன்படுத்தியவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் 'நேச்சர்' விஞ்ஞான இதழ் 2023-ல் விதித்தது. நம் அணை அறிக்கைக்கும் அந்த நியாயமே பொருந்தும். வாக்கியத்தை யந்திரம் திருத்தட்டும். கையொப்பமிடும் உத்தியோகஸ்தர் அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் அலகையும் அணையின் அளவுப் பலகையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தாமிரபரணிக் கரையில் முறப்பநாட்டுப் படித்துறையில் இறங்குகிறவன் நம்புவது அந்தக் கையொப்பத்தையே.