பல்லுக்குள்ள பாதரசம்: பழைய சில்வர் ஃபில்லிங்கை எடுத்துடணுமா?

அண்ணாகிராமத்தில் இருக்கும் என் அத்தை போன வாரம் ஒரு வாட்ஸ்அப் வீடியோவை அனுப்பி, "ஏண்டா, என் கடவாப்பல்லுல இருக்கிறது விஷமாமே, எடுத்துடட்டுமா?"னு கேட்டாங்க. சொத்தைக்காக இருபது வருஷத்துக்கு முன்னாடி அடைச்ச கறுப்பு ஃபில்லிங் அது.

வீடியோ சொன்னதில் பாதி உண்மை. சில்வர் ஃபில்லிங் என்று நாம் சொல்லும் அமால்கத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி பாதரசம்தான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இவற்றோடு சேர்ந்ததும் பாதரசம் இறுகிவிடும். ஆனாலும் மெல்லும்போதும், தூக்கத்தில் பல்லை நறநறக்கும்போதும் கொஞ்சம் ஆவி கசியும். பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவால் பாதிப்பு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்கிறது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.

அப்போ மினமாட்டா? ஜப்பானில் அந்த ஊர் மக்களை முடக்கியது, மீன் வழியாக உடம்புக்குள் போன மெத்தில் பாதரசம். ஃபில்லிங்கில் இருப்பது அந்த ரகம் இல்லை.

எடுக்கறதுதான் வம்பு

நல்லா இருக்கிற ஃபில்லிங்கை டிரில் போட்டு உடைக்கும்போதுதான் ஆவி அதிகம் வரும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும். அதனால் தேவையில்லாமல் எடுக்க வேண்டாம் என்று 2020-ல் எஃப்.டி.ஏ சொன்னது. அதே அறிவிப்பில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சின்னக் குழந்தைகள், சிறுநீரகப் பிரச்சினை, நரம்பு நோய் உள்ளவர்களுக்குப் புதிதாக அமால்கம் வைப்பதைத் தவிர்க்கவும் சொன்னது.

அத்தை கேட்காத கேள்வி இங்கேதான் இருக்கு. அவங்க பொண்ணு இப்போ மாசமா இருக்கா, அவளுக்கும் ஒரு சொத்தை.

இந்தியா 2018-ல் ஏற்ற மினமாட்டா ஒப்பந்தத்தில் 2022-ல் ஒரு திருத்தம் வந்தது. 15 வயதுக்கு உட்பட்டோர், கர்ப்பிணிகள், பாலூட்டுவோருக்கு, மருத்துவர் அவசியம் என்று கருதினால் ஒழிய, அமால்கம் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலேயே பெரும்பாலும் நிறுத்திவிட்டது. உலகம் முழுக்க 2034-க்குள் கைவிட 2025 நவம்பரில் ஜெனீவாவில் முடிவானது. பல்லை விட, கிளினிக் சாக்கடை வழியாகத் தண்ணீரில் சேரும் பாதரசம்தான் இதற்குப் பெரிய காரணம்.

மாற்று? பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட், இல்லைன்னா விலை குறைவான கிளாஸ் அயனோமர். இரண்டாவது, கடித்து மெல்லும் பெரிய பல்லில் அமால்கம் அளவுக்குத் தாங்காது. கிராமத்துப் பக்கம் அமால்கம் இத்தனை வருஷம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அத்தைகிட்ட சொன்னேன்: "உங்களுது விரிசல் விடலைன்னா அப்படியே இருக்கட்டும். அவளை சிதம்பரம் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மாசமா இருக்கிறதை முதல்லயே சொல்லிடுங்க."