அண்ணனோட போன் லாக் ஆகியிருக்கு, இப்ப என்ன பண்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்குக் கொஞ்சம் கனமான விஷயம்தான். ஆனா யாரும் பேசுறதில்லை, அதனால நாம பேசிடுவோம்.

வீட்ல ஒருத்தர் திடீர்னு இறந்துட்டார். அவரோட போன் நம்ம கையில இருக்கு. சார்ஜ் இருக்கு, மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. பின் நம்பர் மட்டும் யாருக்கும் தெரியாது. இப்ப என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? இதுதான் இன்னைக்கு மேட்டர்.

இதை ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கத்துல இருந்து பேசுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2006-ல நோக்கியா இங்க போன் தயாரிக்க ஆரம்பிச்சது, 2014-ல மூடிட்டாங்க. ஃபாக்ஸ்கானும் இங்க இருக்கு. 2022-ல ஐபோன் 14 ஸ்ரீபெரும்புதூர்ல தயாராகுதுன்னு பெரிய செய்தி ஆச்சு. இந்தப் பக்கம் கார், லாரி, டயர், உதிரிபாகம்னு வரிசையா கம்பெனிகள். வேலைக்கு வர்றவங்க பெரும்பாலும் இருபதுகள்ல இருக்கிற பசங்க, பொண்ணுங்க. தென் மாவட்டங்கள்ல இருந்து, ஒடிசாவுல இருந்து, பீகார்ல இருந்து வந்து ஹாஸ்டல்லயோ, ஆறு பேர் சேர்ந்து எடுத்த ரூம்லயோ இருக்காங்க. ஊர்ல இருக்கிற அம்மா அப்பாவுக்கு அந்தப் பிள்ளையோட வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு போன்லதான். அந்த போன் பூட்டிக்கிச்சுன்னா?

எனக்கு இந்தக் கேள்வி எங்க பெரியப்பா மகன் மூலமா வந்தது. ஒரகடத்துல ஷிப்ட் வேலை பார்த்தவர். பைக் விபத்துல போயிட்டார். காரியம் முடிஞ்ச மறுநாள் அண்ணி என்கிட்ட போனைக் கொடுத்துச் சொன்னாங்க: "தம்பி, பணம் கிணம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பாப்பா பொறந்தப்ப எடுத்த வீடியோ எல்லாம் இதுலதான் இருக்கு." பக்கத்துல இருந்த மாமா, "ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துட்டுப் போனா ரெண்டு நிமிஷத்துல திறந்துடுவாங்க"ன்னாரு. அது உண்மையான்னு முதல்ல பார்ப்போம்.

ஏன் கடைக்காரரால திறக்க முடியாது?

இன்னைக்கு வர்ற போன்கள்ல உள்ளே இருக்கிற எல்லாத் தகவலும் குறியாக்கம் பண்ணித்தான் சேமிக்கப்படுது. அதைத் திறக்கிற சாவி, நீங்க போடுற பின் நம்பரையும் சிப்புக்குள்ளேயே பதிஞ்சிருக்கிற ஒரு ரகசிய எண்ணையும் சேர்த்து உருவாகுது. மெமரியைக் கழட்டி வேற போன்ல மாட்டினா ஒண்ணும் படிக்க முடியாது, ஏன்னா அந்த ரகசிய எண் பழைய சிப்லயே தங்கிடும். ஐபோனோட பாஸ்கோடு ஆப்பிள்கிட்டயும் கிடையாது. அந்த போனைத் தன் கையால பொருத்தின தொழிலாளியோட குடும்பமே கேட்டாலும் அதே பதில்தான்.

ஆறு இலக்க பின்னுக்கு 10 லட்சம் சாத்தியங்கள் இருக்கு. ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கலாமேன்னு தோணும். தப்பாப் போடப் போட காத்திருக்க வேண்டிய நேரம் கூடிக்கிட்டே போகும். ஐபோன்ல ஒரு செட்டிங் ஆன்ல இருந்தா 10 தடவை தப்பானதும் எல்லாமே அழிஞ்சிடும். அதனால பிறந்த நாள், பைக் நம்பர்னு ஆளாளுக்கு முயற்சி பண்றதை முதல்ல நிறுத்துங்க. கைரேகையும் உதவாது. போன் ஒரு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆனா பின் கட்டாயம் கேட்கும். ஐபோனை 48 மணி நேரம் திறக்காம விட்டாலும் அப்படித்தான்.

அப்போ கடைக்காரர் "திறந்து தர்றேன்"னு சொல்றது எதை? பெரும்பாலும் எல்லாத்தையும் அழிச்சுட்டு போனைப் புதுசா ஆக்குறதை. போன் கிடைக்கும், வீடியோ போயிடும். அதுக்கப்புறமும் பழைய ஆப்பிள் ஐடியையோ கூகுள் கணக்கையோ கேட்டு போன் மறுபடி பூட்டிக்கும், ஏன்னா திருட்டைத் தடுக்க வச்ச பூட்டு அது. "ரீசெட்"ங்கிற வார்த்தை காதுல விழுந்தா போனை வாங்கிட்டு வந்துடுங்க.

முதல் வாரத்துல என்ன செய்யணும்?

ஒண்ணு, சிம் உயிரோட இருக்கணும். ரீசார்ஜ் பண்ணி வைங்க. ப்ரீபெய்டு சிம் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாம கிடந்தா துண்டிச்சிடலாம், அப்புறம் அந்த நம்பர் வேற யாருக்காவது போயிடும். முறையா செய்யணும்னா இறப்புச் சான்றிதழோட டெலிகாம் கம்பெனிக்குப் போய் நம்பரைக் குடும்பத்துல ஒருத்தர் பேருக்கு மாத்திக்கலாம்.

ரெண்டு, போனைத் திறக்காமலே கிடைக்கிற விஷயங்கள் உண்டு. வர்ற அழைப்பை எடுத்துப் பேச பின் தேவையில்லை. 'எமர்ஜென்சி'ங்கிற இடத்தை அழுத்தினா, அவர் பதிஞ்சு வச்சிருந்தா ரத்த வகையும் அவசரத் தொடர்பு எண்களும் தெரியும்.

மூணு, வேற எந்தக் கருவியில அதே கணக்கு திறந்திருக்குன்னு தேடுங்க. எங்க வீட்ல நடந்தது இதுதான். ஸ்கிரீன் உடைஞ்ச பழைய போனைப் பாப்பா கார்ட்டூன் பார்க்க வச்சிருந்தது. அதுல அண்ணனோட கூகுள் கணக்கு அப்படியே இருந்தது. போட்டோஸ் ஆப்பைத் திறந்தா, பிறந்த நாள் வீடியோ, ஊர்த் திருவிழா எல்லாம் வந்துடுச்சு. ஆனா கடைசி ஒரு வருஷம் இல்லை. கூகுள் இலவசமா கொடுக்கிற 15 ஜிபி நிரம்பினதும் பேக்கப் நின்னுபோச்சு. அந்த ஒரு வருஷம் இன்னும் அந்தப் பூட்டின போனுக்குள்ளதான் இருக்கு. அண்ணி அதை பீரோவுல வச்சிருக்காங்க.

நாலு, விபத்து கேஸ்னா போன் போலீஸ்கிட்ட இருக்கலாம். கோர்ட் மூலமா மனு போட்டுத் திரும்ப வாங்கலாம். கைப்பற்றின பொருட்கள் பட்டியல்ல போன் எழுதப்பட்டிருக்கான்னு அப்பவே பார்த்துக்குங்க.

பணத்துக்கு போன் தேவையில்லை

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். போன் திறக்கலைன்னா பணம் போச்சுன்னு குடும்பங்கள் பயப்படுது. அப்படி இல்லை.

முதல்ல இறப்புச் சான்றிதழ். இறப்பு எந்த ஊர்ல நடந்ததோ அங்கதான் பதிவாகும், சொந்த ஊர்ல இல்லை. 21 நாளுக்குள்ள தகவல் கொடுத்துப் பதியணும். ஒடிசா பையன் சென்னை ஆஸ்பத்திரியில இறந்தா சான்றிதழ் சென்னையிலதான் வாங்கணும். பிரதிகள் நிறைய எடுத்து வச்சுக்குங்க. தமிழ்நாட்டுக்காரர்னா இ-சேவை மையம் வழியா தாசில்தார்கிட்ட வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கணும்.

பிஎஃப் விஷயத்துல, அவர் ஆன்லைன்ல நாமினேஷன் போட்டிருந்தா, நாமினியோட ஆதார் நம்பருக்கு இணைச்ச போனுக்கே ஓடிபி வரும். இறந்தவரோட போன் வேண்டாம். நாமினேஷன் இல்லைன்னாலும் படிவம் கொடுத்து வாங்கலாம்: பிஎஃப் தொகைக்குப் படிவம் 20, பென்ஷனுக்கு 10டி, இன்சூரன்ஸுக்கு 5 ஐஎஃப். இன்சூரன்ஸ்னு சொன்னது பலருக்குத் தெரியாது. பிஎஃப் பிடிக்கிற வேலையில இருக்கும்போதே இறந்தா, குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதுக்காகத் தொழிலாளி சம்பளத்துல ஒரு பைசா பிடிக்கிறதில்லை. கான்ட்ராக்ட்ல இருந்தாலும் பிஎஃப் பிடிச்சிருந்தா உரிமை உண்டு. இஎஸ்ஐ இருந்தா இறுதிச் சடங்குக்கு 15,000 ரூபாய் வரை தருவாங்க. வேலையால ஏற்பட்ட மரணம்னா சார்ந்திருப்போருக்கு மாதாமாதம் உதவித்தொகை. வேலைக்குப் போற வர்ற வழியில நடந்த விபத்தும் இதுல வரலாம், அதனால ஷிப்ட் நேரம், எந்த வழியில போனார்ங்கிற விவரத்தைக் குறிச்சு வைங்க.

வங்கியில நாமினி இருந்தா இறப்புச் சான்றிதழும் அடையாளமும் போதும். நாமினி இல்லைன்னா வாரிசு ஆவணங்கள் கேப்பாங்க. ஒரு எச்சரிக்கை: இறந்தவரோட யுபிஐ பின் தெரியும்ங்கிறதுக்காகப் பணத்தை மாத்தாதீங்க. வாரிசுகள் பலர் இருக்கும்போது ஒருத்தர் எடுத்தா அது குடும்பச் சண்டையில ஆரம்பிச்சு போலீஸ் வரைக்கும் போகலாம். நாமினிங்கிறவர் பணத்தை வாங்கிக்கிற ஆள்தான். அவரே உரிமையாளர் ஆகிட மாட்டார்னு உச்ச நீதிமன்றம் 1983-லயே ஒரு இன்சூரன்ஸ் வழக்குல சொல்லியிருக்கு.

போனுக்கு இஎம்ஐ பாக்கி இருந்தா? கடன் இறந்தவரோடது. அவர் விட்டுட்டுப் போன சொத்து அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. நீங்க ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தா கதை வேற.

கணக்குகளை எப்படிக் கேக்கறது?

இறந்தவரோட கணக்குக்குன்னு கூகுள்ல தனி விண்ணப்பம் இருக்கு. பாஸ்வேர்டு தரமாட்டாங்க. ஆவணங்களைப் பார்த்துச் சில சூழல்ல உள்ளடக்கம் தரலாம். ரெண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்கை அழிக்கலாம்ங்கிற விதியும் இருக்கு, அதனால தள்ளிப்போடாதீங்க. ஆப்பிள்ல 'லெகசி கான்டாக்ட்'டா உங்களைச் சேர்த்திருந்தா, அந்தச் சாவியும் இறப்புச் சான்றிதழும் கொடுத்தா ஐகிளவுட்ல இருக்கிற போட்டோ, மெசேஜ் எல்லாம் மூணு வருஷத்துக்குத் திறக்கும். சேமிச்ச பாஸ்வேர்டுகள் வராது. சேர்க்கலைன்னா கோர்ட் உத்தரவு மாதிரி சட்ட ஆவணம் கேப்பாங்க.

உலகத்துல இதுக்காகக் கோர்ட்டுக்குப் போனவங்க இருக்காங்க. பெர்லின்ல 2012-ல ரயில் மோதி இறந்த 15 வயசுப் பொண்ணோட பெற்றோர், மகளோட ஃபேஸ்புக் கணக்கைப் பார்க்கக் கேட்டாங்க. 2018 ஜூலையில ஜெர்மனியோட உச்ச நீதிமன்றம், கடிதமும் டைரியும் வாரிசுக்குப் போற மாதிரி கணக்கும் போகும்னு தீர்ப்பு சொன்னது. ஆறு வருஷம் ஆச்சு. இந்தியாவுல 2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட 14-வது பிரிவு, நமக்குப் பிறகு நம்ம தரவு உரிமையை யார் பயன்படுத்தணும்னு நாமே நியமிக்கலாம்னு சொல்லுது.

திறக்க முடிஞ்சாலும், திறக்கலாமா?

ரூம் மேட்டுக்கு பின் தெரியும்னு வைங்க. அந்தப் பையன் என்ன செய்யணும்? என் கருத்து: குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய நம்பரை மட்டும் எடுத்துட்டு, போனைக் குடும்பத்துக்கிட்ட ஒப்படைக்கணும். சாட்டைப் படிக்கக்கூடாது, எதையும் அழிக்கவும் கூடாது. அதுல வீட்டுக்குத் தெரியாத ஒரு காதல் இருக்கலாம், ஒரு கடன் இருக்கலாம், ஒரு சண்டை இருக்கலாம். எதிர்ப்பக்கம் மெசேஜ் அனுப்பினவர் இன்னும் உயிரோட இருக்கார், அது அவரோட அந்தரங்கமும்தான். குடும்பமும் தேடுறதுக்கு முன்னாடி என்ன வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டா நல்லது: போட்டோ, பாலிசி நம்பர், கடன் விவரம். அது கிடைச்சதும் நிறுத்திடலாம்.

இன்னிக்கு நைட்டே செய்யக்கூடியவை

ஐபோன்னா செட்டிங்ஸ்ல உங்க பேரை அழுத்தி லெகசி கான்டாக்ட் சேருங்க. கூகுள்ல 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' இருக்கு. 3 மாசத்துல இருந்து 18 மாசம் வரை நீங்க காணாம போனா யாருக்குத் தகவல் போகணும், எதைக் கொடுக்கணும்னு 10 பேர் வரை சொல்லலாம். பிஎஃப் நாமினேஷனைப் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது கல்யாணம் ஆனதும் செல்லாது, புதுசா போடணும். அவசரத் தொடர்பு எண்ணை லாக் ஸ்கிரீன்ல தெரியிற மாதிரி வைங்க. பின்னை ஒரு பேப்பர்ல எழுதி, கவர்ல ஒட்டி, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட கொடுங்க. வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. சொத்து யாருக்குன்னு சொல்லணும்னா அது பேப்பர்ல கையெழுத்தும் ரெண்டு சாட்சியும் உள்ள உயில்லதான் செல்லும், ஈமெயில்ல எழுதினா செல்லாது.

மொத்தமே அரை மணி நேர வேலை. ரூம்ல நாலு பேர் இருந்தா நாலு பேரும் சேர்ந்து உக்காந்து செய்ங்க. கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சந்திப்போம்.