உறங்கிய கொலை வழக்கு

நியூயார்க் மாநகரத்திற்குக் கிழக்கே, அட்லாண்டிக் சமுத்திரத்திற்குள் நீண்டு கிடக்கிறது லாங் ஐலண்டு என்னும் தீவு. அதன் தென்கரையை ஒட்டி ஒரு மணல் திட்டு. அத்திட்டின் மேல் கடலோரமாக ஒரு நெடுஞ்சாலை. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் அடர்ந்த முட்புதர்கள். 2010-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் 11-ந் தேதி, காணாமற்போன இளம்பெண் ஒருத்தியைத் தேடி அவ்வழியே சென்ற போலீஸ்காரர் ஒருவரின் நாய், கில்கோ கடற்கரைக்கு அருகே மோப்பம் பிடித்து நின்றது. அங்கே ஒரு பெண்ணின் எலும்புகள் கிடந்தன. ஆனால் அவர் தேடி வந்த பெண் அல்லள் அவள். அடுத்த சில தினங்களில் மேலும் மூன்று பெண்களின் எச்சங்கள் அகப்பட்டன. 2011 ஏப்ரல் மாதத்திற்குள் அச்சாலை நெடுகிலும் பத்துப் பேருடைய எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டுவிட்டன. அவற்றுள் ஒன்று ஒரு சிறு குழந்தையினுடையது.

முதலில் அகப்பட்ட நால்வரும் இருபது வயதைக் கடந்த இளம்பெண்கள். விளம்பரங்களின் மூலம் ஆடவரைச் சந்தித்துப் பிழைத்து வந்தவர்கள். அத்தகைய பெண்கள் மறைந்து போனால் ஊரார் அதிகமாகக் கவலைப்படுவதில்லை. எனினும் அவர்களுக்கும் தாய் உண்டு, உடன்பிறந்தார் உண்டு. "எங்கள் குழந்தையைக் கொன்றவன் யார்?" என்ற அவர்களுடைய கேள்வி பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் பதிலின்றி நின்றது. அந்தப் பன்னிரண்டு வருஷங்களில் ஒரு பகுதி எப்படிக் கழிந்தது என்பதையே இங்கே சொல்லப் போகிறேன்.

ஜனங்கள் தேர்ந்தெடுத்த பிராஸிக்யூட்டர்

நம் நாட்டில் அரசாங்க வக்கீலை நியமிப்பது சர்க்கார். அமெரிக்காவிலோ, பெரும்பாலான ராஜ்யங்களில், ஜில்லா அட்டர்னி என்னும் பிராஸிக்யூட்டரை ஜனங்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருடைய அதிகாரம் அற்பமானதன்று. யார் மீது குற்றம் சாட்டுவது, யாரை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பவர் அவர். கிராண்ட் ஜூரி என்னும் பிரஜைகள் குழுவின் முன் சாட்சிகளை நிறுத்துபவரும் அவரே. போலீஸார் எவ்வளவு துப்புத் துலக்கினாலும், அதைக் கோர்ட்டுக்குக் கொண்டு செல்லும் வாசல் அவர் கையில் இருக்கிறது.

லாங் ஐலண்டின் கிழக்குப் பகுதியான ஸபோக் ஜில்லாவில் 2002-ஆம் வருஷம் முதல் 2017 வரையில் இப்பதவியை வகித்தவர் தாமஸ் ஸ்போட்டா. இரு பெரிய கட்சிகளுமே அவரை ஆதரிக்கும் அளவுக்கு அவருடைய செல்வாக்கு வளர்ந்தது. போட்டி இல்லாத இடத்தில் கேள்வி கேட்பவர் யார்?

ஸ்போட்டாவுக்கு அருமையான சிஷ்யர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் பர்க். 1979-ஆம் வருஷத்தில் அந்த ஜில்லாவில் ஒரு சிறுவன் கொலையுண்டான். அவ்வழக்கை நடத்திய இளம் பிராஸிக்யூட்டர் ஸ்போட்டா. முக்கிய சாட்சிகளுள் ஒருவன் பள்ளிப் பிள்ளையான பர்க். அன்று ஏற்பட்ட பந்தம் பல வருஷங்கள் நீடித்தது. பர்க் போலீஸில் சேர்ந்தார். ஸ்போட்டா பதவிக்கு வந்ததும், தம் காரியாலயத்துத் துப்பறிவோருக்கு அவரைத் தலைவராக்கிக் கொண்டார். 2012-ஆம் வருஷ ஆரம்பத்தில், கில்கோ எலும்புகள் அகப்பட்டு ஒரு வருஷத்திற்குப் பின், ஜில்லாப் போலீஸ் இலாகாவின் தலைமை அதிகாரியாகவே பர்க் உயர்ந்துவிட்டார்.

ஒரு பையும் ஒரு பொய்யும்

அதே வருஷம் டிஸம்பர் மாதம் ஒரு வாலிபன் பர்க்கின் மோட்டார் வண்டியிலிருந்து ஒரு பையைத் திருடினான். அதில் துப்பாக்கிக்குரிய தளவாடங்களுடன், ஓர் அதிகாரி வெளியில் சொல்லிக்கொள்ள விரும்பாத சில பொருள்களும் இருந்தன. வாலிபன் பிடிபட்டான். போலீஸ் நிலையத்தில் அவன் விலங்கிடப்பட்டிருந்தபோது பர்க் நேரிலே வந்து அவனை அடித்தார். திருடனைத் தண்டிக்கக் கோர்ட்டு இருக்கிறது. விலங்கிட்ட கைதியை அடிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

அவ்வடியை ஸ்போட்டா விசாரித்திருக்கலாம். விசாரிப்பதே அவர் உத்தியோகம். உத்தியோகஸ்தர்களின் ஊழலைக் கண்டுபிடிப்பதற்கென்று அவர் காரியாலயத்தில் தனிப் பிரிவே இருந்தது. அதன் தலைவர் கிறிஸ்டபர் மக்பார்ட்லண்ட். ஆனால் நடந்தது வேறு. 2013-இல் எப்.பி.ஐ. எனப்படும் மத்திய சர்க்காரின் துப்பறியும் இலாகா இந்த அடியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியபோது, ஸ்போட்டாவும் மக்பார்ட்லண்டும் பர்க்குடன் சேர்ந்து, உண்மை வெளிவராமல் தடுக்கும் வேலையில் இறங்கினர். எவன் வாய் திறப்பான், எவனை எப்படி அடக்குவது என்பதே அவர்களுடைய ஆலோசனையாயிற்று. ஒரு துப்பறிபவர் கோர்ட்டில் சத்தியம் செய்து, கைதியை யாரும் அடிக்கவில்லை என்றார். அது பொய் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். சாட்சிகள் அகப்படாமையால் அவ்வருஷ முடிவில் மத்திய விசாரணை நின்றுபோயிற்று.

ஊழல் என்றால் உடனே கைமாறும் பணம்தான் நம் நினைவுக்கு வருகிறது. இவ்வழக்கில் ஸ்போட்டா ஒரு காசு லஞ்சம் வாங்கியதாக எவரும் குற்றம் சாட்டவில்லை. அவர் விற்றது நீதியை. பெற்ற விலை ஒரு சிநேகிதனின் பத்திரம்.

கொலை வழக்குக்கு நேர்ந்தது

இதற்கும் கடற்கரையில் கிடந்த எலும்புகளுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஸ்போட்டா அக்கொலை வழக்கின் தஸ்தாவேஜுகளைக் கிழித்தெறியவில்லை. கொலைகாரனைத் தெரிந்தே காப்பாற்றியதாகவும் யாரும் சொல்லவில்லை. அவர் செய்த தீங்கு வேறு விதமானது.

பல வருஷங்களில் பல இடங்களிலிருந்து மறைந்த பெண்களின் வழக்கை ஒரு ஜில்லாப் போலீஸ் தனியே துலக்குவது கடினம். எப்.பி.ஐ.யின் ஆள்பலமும் விஞ்ஞான சாதனங்களும் அதற்குத் தேவை. ஆனால் பர்க்கின் காலத்தில் அந்த உதவி ஒதுக்கி வைக்கப்பட்டது. ரௌடிக் கூட்டங்களை ஒடுக்குவதற்காக எப்.பி.ஐ.யுடன் சேர்ந்து உழைத்து வந்த தம் துப்பறிவோரையும் 2012-லேயே அவர் திருப்பி அழைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த வருஷம் அதே எப்.பி.ஐ. அவரையே விசாரிக்க வந்துவிட்டது. கொலையைத் துலக்க வீட்டுக்குள் வருபவன், மூலையில் கிடக்கும் நம் குற்றத்தையும் பார்த்துவிடுவான் என்றால், எவன் கதவைத் திறந்து வைப்பான்?

மற்றொரு தீங்கும் உண்டு. தலைவன் பொய் சொல்லும்படி எதிர்பார்க்கிறான், பிராஸிக்யூட்டரும் அவன் பக்கமே என்று அறிந்த பின் கீழ் உத்தியோகஸ்தன் என்ன செய்வான்? தலை நிமிர்ந்து, "இந்த வழக்கில் இன்னின்ன குறை இருக்கிறது" என்று சொல்வானா? வாயை மூடிக்கொண்டு மாதச் சம்பளத்தை வாங்கிப் போவதே க்ஷேமம் என்று நினைப்பான். இப்படி ஓர் இலாகா முழுவதும் ரகசியத்தைக் காவல் காக்கும்போது, கொலை வழக்கு அலமாரியில் உறங்குகிறது.

கதவு திறந்தபோது

2015-இல் மத்திய விசாரணை மறுபடியும் உயிர் பெற்றது. மௌனமாயிருந்த போலீஸார் சிலர் உண்மையைக் கூறினர். அக்டோபரில் பர்க் ராஜினாமாச் செய்தார், டிஸம்பரில் கைதானார். அந்த டிஸம்பரிலேயே புதிய போலீஸ் நிர்வாகம், கில்கோ வழக்கில் எப்.பி.ஐ. சேர்ந்து உழைக்கும் என்று அறிவித்தது. பர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு 46 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 2019 டிஸம்பரில் ஸ்போட்டாவும் மக்பார்ட்லண்டும் குற்றவாளிகள் என்று ஜூரர்கள் தீர்மானித்தனர்; 2021-இல் ஒவ்வொருவருக்கும் ஐந்து வருஷச் சிறை விதிக்கப்பட்டது.

2022 பிப்ரவரியில் ஜில்லாப் போலீஸ், புதிய ஜில்லா அட்டர்னி, எப்.பி.ஐ., ராஜ்யப் போலீஸ் முதலியோர் ஒன்றுகூடி ஒரு தனிப்படை அமைத்தனர். மறைந்த பெண்களுள் ஒருத்தியின் வீட்டு வாசலில் நின்ற ஒரு செவர்லே வண்டியைப் பற்றிப் பல வருஷங்களுக்கு முன்பே ஒரு சாட்சி கூறியிருந்தார். தனிப்படை ஏற்பட்ட ஆறு வாரங்களுக்குள், ராஜ்யப் போலீஸைச் சேர்ந்த ஒருவர் பதிவுப் புத்தகங்களிலிருந்து அத்தகைய வண்டியின் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தார். அதன் பின் ஜில்லா அட்டர்னியின் காரியாலயம் கிராண்ட் ஜூரியின் மூலம் 300-க்கு மேற்பட்ட உத்தரவுகளைப் பெற்று, டெலிபோன் கணக்குகளையும் பிற தஸ்தாவேஜுகளையும் திரட்டியது. 2023 ஜூலை மாதத்தில் ஒரு கட்டடச் சிற்பி கைது செய்யப்பட்டார். அவர் மீது முதலில் மூன்று கொலைகளும், 2024 முடிவதற்குள் ஏழு கொலைகளும் சாட்டப்பட்டன. ஒருவர் குற்றவாளியா அல்லவா என்று தீர்மானிப்பது கோர்ட்டின் வேலை. நமக்கு அது விஷயமன்று.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: வண்டியைப் பற்றிய சாட்சியம் முன்பே கட்டுக்குள் இருந்தது. கிராண்ட் ஜூரியின் அதிகாரமும் முன்பே இருந்தது. ஜில்லா அட்டர்னியின் நாற்காலியும் அதே நாற்காலிதான். உட்கார்ந்தவர் மாறினார், கதவுகள் திறந்தன.

ஸ்போட்டா நேர்மையானவராக இருந்திருந்தால் அந்தக் கைது சில வருஷங்கள் முன்னதாக நடந்திருக்குமா? நிச்சயமாகச் சொல்ல எவராலும் முடியாது. திறமையின்மையும் அலட்சியமும்கூடக் காலத்தை விழுங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு நிச்சயமான பதில் இல்லாமற் போனதே ஸ்போட்டா செய்த பெரிய அநியாயம். மகளை இழந்த தாய்க்கு, "எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம்" என்று ஸர்க்கார் தைரியமாகச் சொல்ல வேண்டும். ஸபோக் ஜில்லா அந்த வார்த்தையைச் சொல்லும் யோக்கியதையை இழந்துவிட்டது.

குடியரசு என்பது வோட்டுப் போட்ட அன்றோடு முடிந்துவிடுகிற காரியம் அன்று. யாரை நாம் கேள்வி கேட்காமலே வளர விடுகிறோமோ, அவருடைய ரகசியங்களுக்கு நாமும் காவற்காரர் ஆகிறோம். அதன் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நாம் அல்ல. முட்புதர்களுக்கிடையே பெயரின்றிக் கிடப்பவர்களும், வாசலைப் பார்த்தபடி காத்திருக்கும் அவர்களுடைய தாய்மார்களுமே.