அரசும் அரசாங்கமும்: அரசியல் அறிவியல் தொடக்கப் பாடத்தில் ஒரு கலைச்சொற் சிக்கல் (கடலூர், சிதம்பரம் சான்றுகள்வழி)

ஆய்வுச்சுருக்கம்

அரசியல் அறிவியல் பட்டப்படிப்பின் தொடக்கத்தில் மாணவர் கற்கும் அடிப்படை வேறுபாடுகளுள் ஒன்று, அரசு, அரசாங்கம் என்னும் இரண்டுக்கும் இடையிலானது. தமிழக வழக்கில் 'அரசு' என்னும் ஒரே சொல் இருபொருளிலும் ஆளப்படுவதால் தமிழ்வழி மாணவருக்கு இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. கடலூர், சிதம்பரம் வட்டார வரலாற்றுச் சான்றுகள் கொண்டு இதனைத் தெளிவாக்க இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரசு, அரசாங்கம், இறையாண்மை, தமிழ்வழிக் கல்வி, கடலூர், சிதம்பரம்.

முன்னுரை

மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை ஆகிய நான்கும் அரசின் கூறுகள் என்பது தொடக்கநிலைப் பாடநூல்கள் தரும் வரையறை. 1933ஆம் ஆண்டு மாண்டிவிடியோ உடன்படிக்கை கூறும் நான்கனுள் இறுதியானது, பிற அரசுகளுடன் உறவு கொள்ளும் திறன் ஆகும். பாடநூல்கள் அவ்விடத்தில் இறையாண்மையை வைக்கின்றன. இவ்வரையறையின்படி அரசாங்கம் அரசின் ஓர் உறுப்பு மட்டுமே. அரசு நிலையானது, அரசாங்கம் மாறுவது. மாணவர் இதனை மனப்பாடம் செய்து எழுதிவிடுகின்றனர். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் 'தமிழ்நாடு அரசு', 'அரசாணை', 'அரசுப் பேருந்து', 'அரசு கவிழ்ந்தது' என்னும் தொடர்களையே காண்கின்றனர். கவிழ்வது அரசு அன்று, அரசாங்கமே என்று அவர்களுக்குச் சொல்ல அன்றாடத் தமிழில் எதுவும் துணைநிற்பதில்லை.

இலங்கைத் தமிழில் நிலைமை வேறு. அங்கு 'அரசாங்கம்' என்பது செய்தித்தாளிலும் பேச்சிலும் இயல்பாக வழங்கும் சொல். 'அரசு' பெரும்பாலும் நிலையான அமைப்பைச் சுட்டும். இறையாண்மையை அவர்கள் 'இறைமை' என்பர். ஆங்கிலமும் குறையற்றதன்று. இந்திய ஒன்றியத்தின் உறுப்பான மாநிலத்தையும் முழு அரசையும் அம்மொழி ஒரே சொல்லால் குறிக்கிறது. அவ்விடத்தில் 'மாநிலம்' என்னும் தனிச்சொல்லைக் கொண்ட தமிழே தெளிவுடையது.

மரபுத் தொடர்ச்சி காட்டும் விருப்பத்தால் திருக்குறள் கூறும் ஆறு உறுப்புகளை நவீன அரசின் நான்கு கூறுகளோடு பொருத்திக் காட்டும் வழக்கமும் உண்டு. இது மயக்கத்தை மிகுவிக்கவே செய்யும். குறளில் அவ்வாறும் அரசன் உடைமைகள். அர்த்தசாத்திரத்தின் ஏழு உறுப்புகளிலோ அரசனும் ஓர் உறுப்பாக எண்ணப்படுகிறான். ஆள்பவரையும் ஆளும் அமைப்பையும் வெவ்வேறாகக் காணும் நவீனக் கருத்து இவ்விரண்டிலும் முழுமையாக இல்லை.

தேவனாம்பட்டினக் கோட்டை

இறையாண்மையை விளக்கக் கடலூரினும் பொருத்தமான இடம் அரிது. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரையுள்ள நிலமும் விற்பனையில் அடங்கும். அவ்வாறே நாற்புறமும் குண்டுகள் சுடப்பட்டு எல்லை வகுக்கப்பட்டது. அதனுள் அடங்கிய ஊர்கள் பின்னர் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிடப்பட்டது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபின், 1752 வரை கம்பெனியின் தென்னகத் தலைமையிடமாக இக்கோட்டையே விளங்கியது.

இங்கு நிலப்பரப்பு இருந்தது. அதன் எல்லையைக் குண்டு வரையறுத்தது. மக்கள் இருந்தனர். வரி தண்டி, காவல் நடத்தும் ஆட்சியமைப்பும் இருந்தது. ஆயினும் இது அரசா? விற்றவரான மராத்தியரிடமிருந்து 1698இல் செஞ்சி முகலாயர் வசமாயிற்று. விற்றவரின் ஆட்சி நீங்கியபின் வாங்கியவரின் உரிமை எதனைச் சார்ந்து நின்றது? கம்பெனியின் அதிகாரம் ஒருபுறம் இங்கிலாந்து முடியின் பட்டயத்திலிருந்தும், மறுபுறம் இந்நாட்டு ஆட்சியாளர் தந்த உரிமையிலிருந்தும் வந்தது. இரண்டுமே பிறரிடமிருந்து பெற்றவை. கம்பெனி வசமுள்ள நிலங்களின் மீதான இறையாண்மை பிரித்தானிய முடிக்கே உரியது என 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் வெளிப்படையாக அறிவித்தது. நான்கு கூறுகளுள் மூன்று இருந்தும் நான்காவது இல்லாத அமைப்பு எப்படியிருக்கும் என்பதற்கு இக்கோட்டை கண்முன் நிற்கும் சான்று.

மாறுவதும் மாறாததும்

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. கடலூரைக் களமாகக் கொண்ட எஸ்.எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களை வென்றது. மாணிக்கவேலு நாயக்கரின் பொதுநலக் கட்சிக்கு 6 இடங்கள் கிடைத்தன. முன்னவர் 1954இல் காமராசர் அமைச்சரவையிலும், பின்னவர் 1952இல் இராசாசி அமைச்சரவையிலும் இடம்பெற்றனர். அரசாங்கம் என்பது எண்ணிக்கையாலும் உடன்பாட்டாலும் அமைவது என்பதைக் காட்ட இந்நிகழ்வு போதும்.

1965ஆம் ஆண்டு நிகழ்வு இதனினும் கடுமையானது. இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக்கும் கொள்கையை எதிர்த்து மாணவர் போராடினர். 1965 சனவரி 27 அன்று சிதம்பரத்தில் காவல்துறை சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். மாணவர் எதிர்த்தது அன்றைய அரசாங்கங்களின் மொழிக்கொள்கையை. அவர்களை எதிர்கொண்டதோ அரசின் வலிமை. முறைமையான வன்முறையைத் தனியுரிமையாகக் கொண்டதே அரசு என்று மாக்சு வெபர் 1919இல் தந்த வரையறையை இவ்விடத்தில் வைத்துப் படித்தால் அது வெறுஞ்சொல்லாக இராது. 1967 தேர்தலில் காங்கிரசு தோற்று அண்ணா தலைமையில் புதிய அரசாங்கம் அமைந்தது. அதே காவல்துறையும், அதே தண்டனைச் சட்டமும், அதே நீதிமன்றங்களும் தொடர்ந்தன.

இவ்வேறுபாட்டை அறியாதிருப்பதன் விளைவு தேர்வு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. அரசாங்கத்தைக் குறைகூறுவோர் அரசுக்கே பகைவர் என்னும் எண்ணம் சொல்மயக்கத்தில் எளிதில் வேர்விடும். கேதார்நாத் சிங் வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் தேசத்துரோகச் சட்டப் பிரிவுக்குப் பொருள் கண்டபோது, சட்டத்தால் நிறுவப்பட்ட அரசாங்கம் வேறு, அந்தந்தக் காலத்தில் நிருவாகத்தை நடத்துவோர் வேறு எனப் பிரித்தது. வன்முறையைத் தூண்டாத கடுங்கண்டனம் குற்றமாகாது என்பது அப்பகுப்பின்மேல் எழுந்த முடிவு. ஒருவர் சிறை செல்வதும் செல்லாததும் இப்பகுப்பைப் பொறுத்து அமையக்கூடும்.

கோயில் வழக்கும் பல்கலைக்கழகமும்

சிதம்பரம் நடராசர் கோயில் நிருவாகம் பற்றிய வழக்கு அரசின் உள்ளமைப்பைக் காட்டுகிறது. செயல் அலுவலரை அமர்த்திய ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1951இல் நீக்கியது. பின்னாளில் மீண்டும் பிறப்பிக்கப்பட்ட அத்தகைய ஆணையை அதே நீதிமன்றம் 2009இல் ஏற்றது. 2014 சனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. சீர்கேட்டைக் களைய நிருவாகத்தை ஏற்கலாம். ஆனால் அது குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே உரியது, நிலையாகக் கைக்கொள்ளலாகாது என்பது தீர்ப்பின் சாரம். அத்தீர்ப்பு சரியா என்பது இன்றும் வாதத்திற்குரியது. அவ்வாதம் இங்குத் தேவையில்லை. 'கோயில் வழக்கில் அரசு தோற்றது' என்னும் தொடரை மாணவர் முன் வைத்துத் தோற்றது எது எனக் கேட்கலாம். ஆணையிட்டது அரசாங்கம், அதனை நீக்கிய நீதிமன்றமும் அரசின் உறுப்பே.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இதற்கு மறுதலையான சான்று. 1928ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1929இல் தொடங்கிய இப்பல்கலைக்கழகத்தை 2013இல் தமிழக அரசாங்கம் தன்பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதனை 'அரசுப் பல்கலைக்கழகம் ஆயிற்று' என மக்கள் கூறினர். ஆனால் அடிப்படை உரிமைகளுக்காக அரசமைப்பின் 12ஆம் உறுப்பு தரும் 'அரசு' என்னும் சொல்லில், சட்டத்தால் உருவான அதிகார அமைப்புகளும் அடங்கும். அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்பில் வருமுன்னரே ஒரு நிறுவனம் அப்பொருளில் அரசாக இருக்கலாம்.

சொல்லும் பயிற்சியும்

இலங்கை வழக்கைப் பின்பற்றி, பாடநூல்களில் 'அரசு', 'அரசாங்கம்' ஆகியவற்றைக் கண்டிப்பாகப் பிரித்தாளுதல் முதற்படி. ஆயினும் அது மட்டும் போதாது. 'தமிழ்நாடு அரசு' என்னும் பெயரையும் 'அரசாணை'யையும் பாடநூல் மாற்ற இயலாது. ஒரு தொடரில் வரும் 'அரசு' எப்பொருளது என ஆராய்ந்து கூறும் பயிற்சியே மாணவருக்கு வேண்டுவது. நாளிதழ் ஒன்றின் ஒரு பக்கமே ஒரு மணி நேர வகுப்புக்குப் போதுமான தொடர்களைத் தரும்.

வினாத்தாளும் மாற வேண்டும். 'அரசின் கூறுகளை விவரி' என்பதற்கு மாற்றாக, '1690இல் தேவனாம்பட்டினக் கோட்டை ஓர் அரசா? காரணம் கூறுக' என வினவலாம். ஆம் என்போரும் இல்லை என்போரும் நான்கு கூறுகளையும் தொட்டே விடையெழுத நேரும். இரு விடைக்கும் முழு மதிப்பெண் வழங்கத் திருத்துவோர் ஆயத்தமாக இருக்க வேண்டும்.