பதவி விலையும் வர்க்க நலனும்

படையதிகாரிகளைத் தெரிவுசெய்யும் முறை வெறும் நிருவாகப் பிரச்சினையன்று. ஆயுத பலம் எவ்வர்க்கத்தின் கையில் இருத்தல் வேண்டும் என்னும் அரசியல் வினாவுமாகும். பிரித்தானிய இராணுவத்தில் 1871 வரை நிலவிய பதவி விற்பனை முறை இதனைத் தெளிவாக்குகின்றது.

அங்கு காலாட்படையிலும் குதிரைப்படையிலும் லெப்டினன்ட் கேணல் தரம்வரை பெரும்பாலான பதவிகள் பணத்திற்கே பெறப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் சாதாரண காலாட்படையின் தொடக்க அதிகாரிப் பதவிக்கு 450 பவுணும், லெப்டினன்ட் கேணல் பதவிக்கு 4,500 பவுணும் விதிக்கப்பட்ட விலைகளாகும்; நடைமுறையில் இதற்கு மேலும் கைமாறியது. விலகுபவர் தம் பதவியை விற்று முதலை மீட்டார். குரொம்வெல்லின் படையாட்சியைக் கண்டஞ்சிய ஆளும் வர்க்கத்தினர், சொத்துடையோரே அதிகாரிகளாயின் படை தமக்கெதிராகத் திரும்பாது எனக் கருதினர். ஆனால் கணித அறிவின்றி இயங்கவியலாத பீரங்கிப் படையிலும் பொறியியற் படையிலும் இவ்விற்பனை இருக்கவில்லை. பயிற்சியும் சேவைமூப்புமே அங்கு அளவுகோல்களாயின.

கிறிமியப் போரின் (1853–1856) சீர்கேடுகள் இம்முறைக்கெதிரான கண்டனத்தை வலுப்படுத்தின. போர் அமைச்சர் காட்வெல் கொணர்ந்த சட்டமூலத்தைப் பிரபுக்கள் சபை தாமதப்படுத்தியபோது, கிளாட்ஸ்டன் அரசாங்கம் 1871 யூலையில் அரச ஆணை மூலம் விற்பனையை ஒழித்தது.

எனினும் அதிகாரிகளின் வர்க்க இயல்பு உடனடியாக மாறிவிடவில்லை. சம்பளம் குறைவு, அதிகாரிகள் விடுதிச் செலவும் உடைச் செலவுமோ மிகுதி. சொந்த வருமானமற்றோர் அங்கு நிலைத்திருத்தல் அரிதாயிற்று. பணம் முன்னர் நேராகச் செய்ததைப் பின்னர் மறைமுகமாகச் செய்தது. ஆகவே, தெரிவு விதிகளை மட்டுமன்றி, அவை இயங்கும் பொருளாதார அடித்தளத்தையும் நாம் ஆராய்தல் வேண்டும்.